கண்வலிக்கிழங்கும் தேவாங்கும்: எது அருகியது?

மாரியூர், சாயல்குடிப் பக்கத்து விவசாயிகள் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். மணற்பாங்கான நிலத்தில் உடைமுள் வேலியைப் பற்றிக்கொண்டு ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் கொடி ஒன்று உண்டு. கண்வலிக்கிழங்கு என்பார்கள். கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றும் பெயர். புத்தகத்தில் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். இதன் கிழங்கையும் விதையையும் விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. மாநில மலராயிற்றே, தோண்டினால் குற்றமா? தேவாங்கைப் பிடித்தால் சிறை என்கிறார்களே, அந்த மாதிரி இதற்கும் சட்டம் உண்டா? இரண்டும் அழிந்து வருபவை என்று ஒரே மூச்சில் சொல்லுகிறார்களே, உண்மையா?

கேள்வி ஒன்று போலத் தோன்றினாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது ஒன்று. உலகில் இது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது இன்னொன்று. இதைத் தொட்டால் சட்டம் என்ன சொல்லும் என்பது மூன்றாவது. இவற்றுக்கு மூன்று தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. ஒன்றில் இருப்பதால் மற்றொன்றிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் வாக்காளர் பட்டியல் வேறு, ரேஷன் அட்டை வேறு, பட்டா வேறு அல்லவா? அதுபோல.

பெயரும் குடும்பமும்

ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால் வரும் குழப்பத்தைத் தீர்க்க, சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்ற அறிஞர் ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொல்லில் ஒரு பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். முதல் சொல் பேரினத்தின் பெயர். இரண்டாவது சொல்லும் சேர்ந்தால் அந்த இனத்தின் பெயர். 1753-ல் வெளியிட்ட நூலில் நம் கண்வலிக்கிழங்குக்கு அவர் வைத்த பெயர் குளோரியோசா சூப்பர்பா. புகழும் பெருமிதமும் கலந்த பெயர். பூவைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இது ஒருவித்திலைத் தாவரம். நெல், வாழை, தென்னை, பனை எல்லாம் இந்தக் கூட்டந்தான். முளைக்கும்போது ஒரே விதையிலை. இலை நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். பனையும் நெல்லும் ஒரே கூட்டமா என்று யாரேனும் வியந்தால், தொல்காப்பியத்தின் மரபியலைப் பார்க்கச் சொல்லலாம். வெளியே வைரம் உள்ளவை புல், உள்ளே வைரம் உள்ளவை மரம் என்று அங்கே பிரித்திருக்கிறது. மாரியூர்ப் பனையை அறுத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அதன் வைரம் புறத்தேதான். அந்தக் கணக்கில் பனை ஒரு புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்கு அருகில்தான் வைக்கிறது.

முன்பு கண்வலிக்கிழங்கை அல்லிக் குடும்பம் என்னும் லிலியேசியில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பழைய குடும்பம் பெரிய கூட்டுக்குடும்பம். வெங்காயம், பூண்டு, சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான் எல்லாம் அதில் இருந்தன. பிறகு பாகப்பிரிவினை நடந்தது. இப்போது கண்வலிக்கிழங்கு கோல்ச்சிகேசி என்னும் தனிக் குடும்பத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் வளரும் கோல்ச்சிகம் என்ற செடியும் இதே குடும்பம். இரண்டிலும் ஒரே நஞ்சு: கோல்ச்சிசின். குடும்பம் பிரிப்பது படிப்பாளிகளின் வெட்டிவேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் ஓர் உறுப்பினரிடம் உள்ள மருந்தோ நஞ்சோ மற்றொன்றிலும் இருக்கலாம் என்ற துப்பு வகைப்பாட்டில்தான் கிடைக்கிறது.

இனி தேவாங்கு. மெலிந்தவரைக் கண்டால் தேவாங்கு போல இருக்கிறான் என்கிறோம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஒரு சாண் நீளம், கால் கிலோவை ஒட்டிய எடை, குச்சி போன்ற கை கால், வால் இல்லை, முகத்தின் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள். பகலெல்லாம் புதரில் சுருண்டு தூங்கும். இரவில் எழுந்து கிளை கிளையாக நகரும்.

இது குரங்கா? பங்காளி என்று சொல்லலாம். குரங்கு, மனிதக்குரங்கு, மனிதன், தேவாங்கு எல்லாம் பிரைமேட் என்ற ஒரே வரிசை. அந்தப் பெயரையும் 1758-ல் வைத்தவர் லின்னேயஸ்தான். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்குவது, இரு கண்ணும் முன்நோக்கி இருப்பது முதலியவை இந்த வரிசையின் அடையாளங்கள். ஆனால் வரிசைக்குள் இரண்டு கிளைகள். நாமும் குரங்குகளும் ஒரு கிளை. நாயைப் போல ஈரமூக்கு உள்ளவை மற்றொரு கிளை. தேவாங்கு இந்த இரண்டாவது கிளை. அதன் நெருங்கிய சொந்தங்கள் மடகாஸ்கர் தீவின் லெமூர்களும் ஆப்பிரிக்காவின் புதர்க்குட்டிகளும். ஆகவே கோயில் மண்டபத்துக் குரங்குக்கு நாம் நெருங்கிய உறவு. தேவாங்கு தூரத்து உறவு.

பெயர் பிரிந்தால் நிலையும் மாறும்

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. நீண்ட காலம் இந்தியத் தேவாங்கும் இலங்கைத் தேவாங்கும் ஒரே இனம் என்று எண்ணி, லோரிஸ் டார்டிகிராடஸ் என்ற பெயரிலேயே எழுதிவந்தார்கள். மெல்ல நடப்பது என்று பொருள். பிறகு உடலளவையும் நிறத்தையும் கூர்ந்து பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். இலங்கையின் தென்மேற்கில், மழை மிகுந்த காடுகளில் உள்ள செந்நிறத் தேவாங்குக்கு மட்டும் பழைய பெயர் நின்றது. தென்னிந்தியாவிலும், மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் உள்ள சாம்பல்நிறத் தேவாங்குக்கு, 1908-ல் கப்ரேரா என்பவர் வைத்திருந்த லோரிஸ் லிடெக்கேரியானஸ் என்ற பெயர் வந்தது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இராமேசுவரம் வழியாக இரு கரையும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. அப்போது போக வர வழி இருந்தது.

பிரித்ததன் விளைவு என்ன? ஒரே இனமாகக் கணக்கிட்டால் பரப்பு பெரியது, கவலை குறைவு. பிரித்துவிட்டால் இலங்கையின் செந்நிறத் தேவாங்குக்கு எஞ்சியிருப்பது துண்டு துண்டான மழைக்காடுகள் மட்டுமே. அது இன்று அழியும் ஆபத்தில் உள்ளது என்ற பட்டியலில் நிற்கிறது.

கண்வலிக்கிழங்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நிறமும் இதழ் வடிவமும் சற்று மாறி வளரும் செடிகளுக்கு முன்பு வேறு வேறு பெயர்கள் இருந்தன. அவற்றில் பலவற்றை இப்போது குளோரியோசா சூப்பர்பா என்ற ஒரே இனத்துக்குள் அடக்கிவிட்டார்கள். எனவே அதன் நாடு மிகப் பெரியதாகிவிட்டது. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவேதான்.

சிவப்புப் பட்டியல் என்பது

1948-ல் தொடங்கிய சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் ஒன்றைப் பராமரித்து வருகிறது. அதில் கீழ்ப்படி கவலை குறைவு. அடுத்தது அபாயத்தை நெருங்குவது. அதற்கு மேல் நலியும் நிலை, அழியும் ஆபத்து, மிகக் கடும் ஆபத்து என்று மூன்று படிகள். அதற்கும் மேல் போனால் இயற்கையில் இல்லாமற்போனது, அடியோடு அழிந்தது. அழகு, அபூர்வம் என்பதற்காக யாரும் படி ஏற்றுவதில்லை, கணக்கு உண்டு. பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், எது நீண்டதோ அந்தக் காலத்தில், எண்ணிக்கை 30 சதவீதம் குறைந்து, குறைத்த காரணமும் இன்னும் தொடர்ந்தால் நலியும் நிலை. 50 சதவீதம் என்றால் அழியும் ஆபத்து. 80 என்றால் மிகக் கடும் ஆபத்து. பரப்பு சுருங்குவது, மிகச் சிலவே எஞ்சியிருப்பது ஆகியவற்றுக்கும் தனி அளவுகோல்கள் இருக்கின்றன.

இந்தப் பட்டியலில் கண்வலிக்கிழங்கு கவலை குறைவு என்ற கீழ்ப்படியில் இருக்கிறது. நம் சாம்பல்நிறத் தேவாங்கு 2008-ல் அதே படியில்தான் இருந்தது. பிந்திய மதிப்பீட்டில் ஒரு படி ஏறி, அபாயத்தை நெருங்குவது என்றாகியிருக்கிறது. ஆக, இரண்டும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன என்று ஒரே மூச்சில் சொல்வது சரியல்ல.

விவசாயிகள் இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. தோட்டத்தைப் பாழாக்கும் நாட்டுக்குரங்கு, அதாவது தலையில் குல்லாய் வைத்தாற்போல் மயிர் உள்ள சாதிக்குரங்கு, தேவாங்கையும் தாண்டி நலியும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. நம்ப முடியவில்லை அல்லவா? கோயிலிலும் சாலையிலும் கூட்டங்கூட்டமாகப் பார்க்கிறோமே என்பீர்கள். அது தென்னிந்தியாவைத் தவிர உலகில் எங்கும் இயற்கையாக இல்லை. சாலையோரத்து மரங்கள் போனபின் பல இடங்களில் கூட்டம் கூட்டமாக மறைந்துவிட்டது. சோறு கிடைக்கும் இடத்தில் வந்து சேர்ந்தவற்றைத்தான் நாம் பார்க்கிறோம். அவற்றால் நிலக்கடலையும் தென்னங்குரும்பையும் இழக்கும் விவசாயிக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது. இருந்தாலும் எண்ணிக்கை வேறு, தொல்லை வேறு.

ஏன் இந்த வேறுபாடு?

கண்வலிக்கிழங்கு பிழைத்துக்கொள்ளும் சாதி. தரைக்கு மேலே ஆடு, வெயில், நெருப்பு எது பட்டாலும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மழை விழுந்ததும் எழும். ஆண்டுதோறும் பழைய கிழங்கு வற்றி, அதன் இடத்தில் கலப்பை வடிவில் புதுக் கிழங்கு உண்டாகும். சிவந்த தோலுள்ள விதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் தோட்டத்துக்காகக் கொண்டுபோன இந்தக் கொடி, கடற்கரை மணல்மேடுகளில் பரவிக் களையாகிவிட்டது. அங்கே காசு செலவழித்துப் பிடுங்குகிறார்கள். நம் மாரியூர் மணலைப் போன்ற மணல்தான் அதுவும்.

தேவாங்குக்கு அந்த வசதி எதுவுமில்லை. கர்ப்பம் சுமார் ஐந்தரை மாதம். ஈற்றுக்கு ஒரு குட்டி, மிஞ்சினால் இரண்டு. தாய் இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் போகும். அது அசையாமல் பற்றிக்கொண்டிருக்கும். முக்கியமான பலவீனம் நடை. குரங்கைப் போல் தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொட்டிருந்தால்தான் அடுத்த மரத்துக்குப் போகும். இடையில் தார்ச்சாலை போட்டால் கீழே இறங்கி நடக்க வேண்டும், வண்டியில் அடிபடும். மின்கம்பியைக் கிளை என்று பிடித்தால் கதை முடிந்தது. இவை போதாதென்று, அதன் கண்ணை மாந்திரீகத்துக்கும் வசியத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற மூடநம்பிக்கையால் பிடித்துக் கொல்கிறார்கள். ஒரு பயனும் இல்லாத பாவம் இது.

தேவாங்கு தின்பது பெரும்பாலும் பூச்சி: எறும்பு, கரையான், வண்டு, சிலந்தி. நாவை எரிக்கும் நச்சு வண்டுகளையும் விடாது. பயிரைத் தொடாது. கோழியைத் தொடாது. இரவில் கூலி இல்லாமல் வேலிப் பூச்சியைப் பொறுக்கும் பிராணி.

கடவூர் சொல்லும் பாடம்

2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர் மாவட்டத்துக் கடவூர் வட்டமும், திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களும் சேர்ந்த 11,806 ஹெக்டேர் காடு. நாட்டில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். அதே ஆண்டு செப்டம்பரில்தான் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமும் அறிவிக்கப்பட்டது. நம் கடலோர மக்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணியைப் பற்றி வேறொரு வாரம் எழுதலாம்.

கடவூர்ப் பக்கத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரூர் மாவட்டத்தின் அரவக்குறிச்சி, திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம், அவற்றை அடுத்த மூலனூர், தாராபுரம் பகுதிகள்தாம் கண்வலிக்கிழங்குச் சாகுபடிக்குப் பெயர்போனவை. கடலோரத்தில் வேதாரண்யத்தைச் சொல்லலாம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட மண்ணில் பூவும் பிராணியும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான இடம் உயிர்வேலி. கிளுவையும் இண்டும் சங்கஞ்செடியும் பின்னிக் கிடக்கும் பழைய வேலியில் கண்வலிக்கொடி இலைநுனியால் பற்றி ஏறும்; காட்டை ஒட்டிய இடங்களில் தேவாங்கு அதே வேலியைப் பாலமாகக் கொண்டு நடக்கும். கல்காலும் கம்பியும் வந்தபின் கொடியைக் கம்பியிலும் ஏற்றிவிடலாம். தேவாங்குக்குக் கம்பி உதவாது.

இராமநாதபுரத்துக் கடற்கரையில் உடையும் பனையும் இருந்த இடங்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதை வேரோடு தோண்டி எடுக்கும்போது இயந்திரம் கண்வலிக்கிழங்கையும் சேர்த்து அள்ளிவிடுகிறது. உலகப் பட்டியலில் கவலை குறைவு என்றிருந்தாலும் ஓர் ஊரில் ஒரு கொடி அற்றுப்போக இது போதும். உலகக் கணக்கு ஊர்க் கணக்காகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தேவாங்கைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் கொன்றாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022-ல் திருத்திய சட்டப்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வளர்ப்பதற்காக எடுத்தேன், மருந்துக்காக வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கிணற்றிலோ கொல்லையிலோ அகப்பட்டால் கையால் தூக்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அதே சட்டத்தில் தாவரங்களுக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. மிகச் சில செடிகளே அதில் உண்டு. குடுவைச்செடி, நீல வாண்டா ஆர்க்கிட், பெட்டோம் சைகஸ் போன்றவை. கண்வலிக்கிழங்கு அதில் இல்லை. மாநில மலர் என்பது ஒரு மரியாதை. அதற்கென்று தண்டனை கிடையாது. ஆகவே சொந்தப் பட்டாவில் விளைந்ததைத் தோண்டுவதும் பயிரிடுவதும் குற்றமல்ல. காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டினால் அது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். அங்கே எந்தச் செடி என்று பார்ப்பதில்லை. வியாபாரத்துக்காக வாங்கிச் செல்லும் நிறுவனங்களுக்கு 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு. உள்ளூர் மக்களுக்கும் பயிரிடுவோருக்கும் அந்தக் கடமை இல்லை. வாங்க வருபவர் உங்களிடம் சட்டம் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

பயிரிடலாமா?

இதில் மட்டும் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். விதைக்கு உள்ள மதிப்பு கோல்ச்சிசினால் வருவது. கீல்வாத மருந்து அதிலிருந்து தயாராகிறது. 1937-ல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லி என்பவரும் கூட்டாளிகளும் கோல்ச்சிசினால் செடியின் குரோமோசோம்களை இரட்டிக்கலாம் என்று காட்டினார்கள். பின்னால் ஜப்பானியர் விதையில்லாத தர்ப்பூசணியை உண்டாக்கியது இந்த வழியில்தான். எனவே வெளிநாட்டில் தேவை இருக்கிறது. ஆனால் விலை ஒரே சீராக இருப்பதில்லை. ஓராண்டு உச்சியில் விற்பது மறு ஆண்டு சரிந்துவிடும். வாங்குபவர் சிலரே. கட்டுப்படியாகும் விலைக்கு எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லாமல் மாரியூர்ப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். முதலாண்டில் விதைக்கிழங்குக்கே பெருஞ்செலவாகும். வடிகால் உள்ள மணற்சாரி மண் ஏற்றது. உவர் ஏறிய கிணற்றுநீரும் தண்ணீர் தேங்கும் நிலமும் உதவா.

மகரந்தச் சேர்க்கைக்கும் ஆள் வேண்டும். பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டுவிடுவதால், தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதாகப் படாது. காட்டில் பூச்சிகளைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும். தோட்டத்தில் நல்ல மகசூல் வேண்டுமென்றால் காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். வீட்டு ஆட்கள் உள்ள சிறு விவசாயிக்கு பத்து சென்ட், இருபது சென்ட் சரியான அளவு.

நஞ்சு என்பதை மறக்கக் கூடாது. செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தால் நஞ்சு போகாது. வாந்தி, பேதியில் தொடங்கும். தப்பிப் பிழைத்தவருக்குச் சில நாளில் தலைமயிர் கொட்டும். தெரியாமல் தின்றுவிட்டால் நாட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தின்ற கிழங்கின் துண்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆடு மாட்டுக்கும் ஆபத்துதான். விதைக்கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள். அரிவாள்மனையால் வெட்டாதீர்கள். கையுறையோ துணியோ சுற்றிக்கொண்டு கையாளுங்கள்.

காட்டுக்கொடியைத் தோண்டித்தான் நடவேண்டும் என்பதில்லை. விதையிலிருந்தும் வரும், ஆனால் பூக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். வேலியில் உள்ளதை எடுப்பதானால், காய் முற்றிக் கொடி காய்ந்தபின் தை, மாசியில் எடுங்கள். எல்லாவற்றையும் தோண்டாமல் பாதியை அங்கேயே விடுங்கள். வேலிக்கு அடுத்த ஆண்டும் பூ இருக்கும், உங்களுக்கும் விதைக்கிழங்கு இருக்கும். எடுத்த கிழங்கை நிழலில் உலர்த்திப் பாதுகாத்து, ஆடியில் நட வேண்டும். ஐம்பது, அறுபது கிராமுக்குக் குறையாத கிழங்கு நல்லது. கலப்பையின் இரு கொம்புகளிலும் நுனியில் மட்டுமே முளைக்கண் இருக்கும். அந்த நுனி உடைந்தால் கிழங்கு எவ்வளவு பெரிதானாலும் முளைக்காது. சாக்கில் போட்டுக் குலுக்காமல், கூடையில் மணல் பரப்பி அடுக்கிக் கொண்டுபோங்கள்.